ஹால்ல நிக்கிற 53 இன்ச் டிவி: ரிப்பேரா, காயலான் கடையா?

கேள்வி: அண்ணா, காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து பார்க்கறேன், ஹால்ல பீரோ மாதிரி ஒரு 53 இன்ச் புரொஜெக்‌ஷன் டிவி நிக்குது. மாமனாரோட அண்ணன் பெங்களூர்ல வீடு மாத்தும்போது குடுத்தது. 2011 வேர்ல்டு கப் ஃபைனலுக்கு தெருவே எங்க வீட்டுல தான் இருந்துச்சுன்னு மாமனார் இன்னும் சொல்வார். இப்ப கொஞ்ச நாளா எழுத்துக்கெல்லாம் சிவப்பு நிழல் விழுது, ஓரத்துல கோடு வளையுது. மெக்கானிக் வந்து பார்த்துட்டு "டியூப் போச்சு, 500 ரூபா தர்றேன், நானே எடுத்துக்கறேன்"ங்கறார். வீட்டுக்காரர் இஎம்ஐல 55 இன்ச் எல்இடி வாங்கலாம்ங்கறார். மாமனார் அதுல இருந்து எங்க ரெண்டு பேர் கிட்டயும் சரியா பேசறதில்ல. இது கரண்ட் ரொம்ப இழுக்குமா? ஒரு வயசு குழந்தை இருக்கு, ரேடியேஷன் வருமா? பக்கத்து வீட்டுப் பையன் ஸ்கூல்ல சோலார் அடுப்பு செய்யணும், முன்னாடி இருக்கற கண்ணாடிய மட்டும் குடுங்கக்கான்னு கேக்கறான், குடுக்கலாமா?
பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த 500 ரூபாய்க்கு சரின்னு சொல்லிடாதீங்க. கண்ணாடிய அந்தப் பையனுக்கு குடுக்கவே குடுக்காதீங்க, அது ஏன்னு கடைசில விவரமா சொல்றேன்.

நீங்க எழுதியிருக்கறத வச்சு பார்த்தா டியூப் போன மாதிரி எனக்கு தெரியல. உங்க டிவிக்குள்ள சாதாரண பழைய டிவி மாதிரி ஒரே பெரிய டியூப் கிடையாது, சிவப்பு பச்சை நீலம்னு மூணு சின்ன டியூப் அடில வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணும் பெரும்பாலும் 7 இன்ச் தான், ஒவ்வொண்ணுக்கும் மேல தனித்தனி லென்ஸ், அந்த மூணு வெளிச்சமும் பின்னாடி சாய்ஞ்சு நிக்கற ஒரு பெரிய மிர்ரர்ல பட்டு திரும்பி உங்க ஸ்கிரீனுக்கு பின்பக்கமா வந்து விழுது. பச்சை நடுவுல நேரா இருக்கு, சிவப்பும் நீலமும் ரெண்டு பக்கத்துல இருந்து சாய்வா வருது. சாய்வா வர்ற படம் தன்னால கோணலா தான் விழும், அத இழுத்துப் புடிச்சு பச்சை மேலயே கரெக்டா உக்கார வைக்கறதுக்குன்னே உள்ள ஒரு சர்க்யூட் இருக்கு, கன்வர்ஜென்ஸ்னு சொல்வாங்க. அது தடுமாறினா தான் எழுத்துக்கு சிவப்பு நிழல் விழும், ஓரத்துல கோடு வளையும். நிஜமாவே சிவப்பு டியூப் போயிருந்தா சிவப்பே இருக்காது, மனுஷங்க முகமெல்லாம் பச்சையும் நீலமும் கலந்து வெளிறிப் போயிருக்கும். உங்களுக்கு சிவப்பு இருக்கு, இடம் மாறி நிக்குது, அவ்வளவு தான்.

இத வீட்டுலயே ஒரு ஸ்க்ரூ கூட கழட்டாம பார்த்துக்கலாம். டிவிய போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்க, சூடேறாம பார்த்தா சரியா தெரியாது. அப்புறம் ரிமோட்ல மெனுவுக்கு போயி கன்வர்ஜென்ஸ்னு இருக்கான்னு தேடுங்க, அதுக்குள்ள போனதும் ஸ்கிரீன்ல குறுக்கும் நெடுக்குமா கோடு வரும், இல்லன்னா நடுவுல ஒரு பிளஸ் குறி வரும். மூணு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருந்தா கோடு வெள்ளையா இருக்கும், விலகியிருந்தா வெள்ளைக்கு பக்கத்துலயே சிவப்பு கோடு தனியா, நீல கோடு தனியா ஓடறது கண்ணுக்கு தெரியும். இப்ப சிவப்ப செலக்ட் பண்ணி அம்புக்குறி பட்டன அமுக்குங்க. கோடு நகருதா? நகந்தா சர்க்யூட் உயிரோட இருக்கு, வயசானதால செட்டிங் மாறியிருக்கு, பொறுமையா உக்காந்து கொண்டு வந்து சேத்துடலாம். பட்டன எவ்வளவு அமுக்கினாலும் கோடு அசையல, இல்ல வில்லு மாதிரி வளைஞ்சே நிக்குதுன்னா அந்த சர்க்யூட்ல இருக்கற ஐசி போயிருக்கும், எஸ்டிகே ஐசின்னு சொன்னா மெக்கானிக்குங்களுக்கு தெரியும். பெரும்பாலான செட்ல ரெண்டு இருக்கும், ரொம்ப சூடாகற ஐட்டம், இந்த வகை டிவில அடிக்கடி போற பார்ட்டே இது தான். இத மாத்தலாம், மாத்தினா படம் பழையபடி வந்துடும்.

இந்த டெஸ்ட்ட நீங்களோ உங்க வீட்டுக்காரரோ பண்ணாதீங்க, உங்க மாமனார பண்ண சொல்லுங்க, இத நான் யோசிச்சு தான் சொல்றேன். அந்த டிவிய இத்தனை வருஷமா தொடச்சு வச்சு பார்த்துக்கிட்டவர் அவர், எந்த பட்டன் எங்க இருக்குன்னு அவருக்கு தான் தெரியும். நம்ம ஊர்ப் பக்கம் 2006க்கு அப்புறம் கவர்மென்ட் குடுத்த 14 இன்ச் கலர் டிவி தான் நிறைய வீட்டுல மொத கலர் டிவி, அந்த காலத்துல 53 இன்ச்ல படம் காட்டின வீடு உங்களுது. 2011 ஏப்ரல் 2 ராத்திரி தோனி அடிச்ச அந்த சிக்ஸர் வான்கடேல இருந்து நேரா உங்க ஹாலுக்கு வந்து விழுந்த மாதிரி தான் அங்க உக்காந்திருந்தவங்களுக்கு இருந்திருக்கும். அப்படிப்பட்ட ஒண்ண யாரோ வந்து அஞ்சு நிமிஷம் பார்த்துட்டு 500 ரூபான்னு சொல்லி, பையனும் அடுத்த பேச்சா இஎம்ஐன்னு ஆரம்பிச்சா அவர் மனசு என்ன பாடு படும், அவர் கோவம் டிவிக்காக மட்டும் இல்லம்மா, தன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேன்னு தான். "மாமா, இது டியூப் இல்லையாம், கோடு விலகியிருக்காம், நீங்க ரிமோட்ட எடுத்து கொஞ்சம் பாருங்களேன்"னு நீங்க போய் சொல்லுங்க. சொல்லிட்டு பக்கத்துல உக்காருங்க, சிவப்பு எங்க நிக்குதுன்னு கிட்டக்க போயி நீங்க பார்த்து சொல்லுங்க, அவர் நகத்தட்டும்.

ஐசி தான்னு தெரிஞ்சா வேற மெக்கானிக்க பாருங்க. கிருஷ்ணகிரிலயோ ஓசூர்லயோ பழைய டியூப் டிவி வேலை பார்த்த ஆளுங்க, கொஞ்சம் வயசானவங்களா இருப்பாங்க, அவங்களுக்கு இது தெரியும். புரொஜெக்‌ஷன் டிவி செஞ்ச கம்பெனி ஒவ்வொண்ணா நிறுத்திட்டாங்க, சோனி 2007 கடைசில கை விட்டுச்சு, கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டு இருந்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரோட நிறுத்திடுச்சு, அதனால கம்பெனி பார்ட்ஸ்க்கு காத்திருக்காதீங்க. ஐசிய எலக்ட்ரானிக்ஸ் பார்ட்ஸ் கடைங்க இருக்கற பெங்களூர் எஸ்பி ரோட்டுல தேடிப் பார்க்க சொல்லலாம், கிருஷ்ணகிரில இருந்து 90 கிலோமீட்டர் தானே. ஆனா இந்த எஸ்டிகே ஐசில டூப்ளிகேட் ரொம்ப அதிகம், விலை கம்மியா இருக்குன்னு போட்டா சீக்கிரமே மறுபடி போகும். பழைய செட்ல இருந்து கழட்டின ஒரிஜினல் கிடைச்சா அதுவே மேல். ஐசிய மட்டும் மாத்திட்டு போயிடாம பக்கத்துல இருக்கற சின்ன சின்ன ரெசிஸ்டரையும் மீட்டர் வச்சு பாருங்கன்னு சொல்லுங்க, ஐசி போகும்போது அதுவும் சேந்து போயிருக்கும். கேக்கற கூலி நியாயமா இருந்தா குடுங்க. ரெண்டாவது தடவையும் இதே பழுது வந்தா அப்ப நிறுத்திக்கலாம், ஒரு தடவை நல்லபடியா ரிப்பேர் பண்ணி பார்க்க இந்த டிவி தகுதியானது.

அப்படியே திறக்கும்போது லென்ஸ் மேல இருக்கற தூசிய தொடைக்க சொல்லுங்க. உங்க பக்கம் ரோட்டு தூசி, கிரானைட் லாரி தூசி எல்லாம் வருஷக்கணக்கா அந்த மூணு லென்ஸ் மேல தான் படிஞ்சிருக்கும், தொடச்சாலே படம் வேற மாதிரி பளிச்சுனு வரும். உள்ள இருக்கற மிர்ரர மட்டும் அழுத்தி தொடைக்கக் கூடாது, அதுல பூச்சு கண்ணாடிக்கு பின்னாடி இல்ல, முன்னாடியே இருக்கு, கீறினா அவ்வளவு தான். உங்க வீட்டுக்காரர் யூட்யூப் பார்த்துட்டு நானே திறக்கறேன்னு சொன்னா விடவே விடாதீங்க, டியூப்புக்கு போற வோல்டேஜ் 30,000 கிட்ட இருக்கும், பிளக்க புடுங்கின பிறகும் உள்ள தங்கி நிக்கும்.

கரண்ட்டுக்கு வர்றேன். டிவி பின்னாடி லேபிள்ல எத்தன வாட்ஸ்னு போட்டிருக்கும் பாருங்க, இந்த சைஸ்ல 200 வாட்ஸ் சுமாருக்கு இருக்கும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் ஓடினா 1 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட். புது 55 இன்ச் எல்இடி 100ல இருந்து 120 வாட்ஸ்னு வச்சா அதே நேரத்துக்கு 30ல இருந்து 36 யூனிட் ஆகும். வித்தியாசம் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா கரண்ட்ட மிச்சம் பண்ண போறோம்னு சொல்லி இஎம்ஐ போடறது கணக்குக்கு ஒத்து வராது. லோ வோல்டேஜ் வர்ற ஏரியான்னா ஒரு நல்ல ஸ்டெபிலைசர் மட்டும் இருக்கட்டும்.

குழந்தைக்கு ரேடியேஷன் பயம் வேண்டாம், டியூப் கண்ணாடியும் அதுக்கு மேல இருக்கற கவசமும் அதுக்குன்னே செஞ்சது. எடை முழுக்க அடில இருக்கறதால மேஜை மேல நிக்கற மெல்லிசு டிவி அளவுக்கு கூட இது சீக்கிரம் சாயாது. பார்த்துக்க வேண்டியது வேற, பின்னாடி காத்துப் போற ஓட்டைல குழந்தை ஸ்பூன் கீன்னு எதையும் விடாம பார்த்துக்கோங்க, ஸ்கிரீன் பிளாஸ்டிக் தான், பொம்மையால அடிச்சா கீறல் விழும். கண்ணாடி தொடைக்கற ஸ்ப்ரே அடிக்காதீங்க, நனைச்சு பிழிஞ்ச மெத்துன துணி போதும்.

இன்னொண்ணு, உங்க வீட்டுல எந்நேரமும் நியூஸ் ஓடுமா? கீழ ஓடற பட்டையும் மூலைல சேனல் லோகோவும் ஒரே இடத்துல நின்னு நின்னு டியூப்ல தழும்பு விழுந்துடும், அத எந்த மெக்கானிக்காலயும் எடுக்க முடியாது. கான்ட்ராஸ்ட்ட பாதிக்கு குறைச்சு வைங்க, படத்துக்கு ரெண்டு பக்கமும் கருப்பா விட்டு ஓட்டாம ஸ்கிரீன் நிறையற மாதிரி போடுங்க. நின்னுக்கிட்டு பார்த்தா மங்கலா தெரியுதுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லியிருப்பார், இந்த ஸ்கிரீன் அப்படித்தான், நேரா உக்காந்து பார்க்கறவங்களுக்குன்னு செஞ்சது.

என் யோசனை இது தான். ரிப்பேர் ஆனதும் மாமனார் ரூம்ல இடம் இருந்தா அவர் சம்மதத்தோட அங்க நகத்துங்க, அடில சக்கரம் இருக்கான்னு பாருங்க, படுக்க வச்சு மட்டும் தூக்காதீங்க, நிமுத்தி தான் கொண்டு போகணும். ஜன்னல் வெயில் ஸ்கிரீன் மேல விழாத சுவரா பாருங்க. ஹாலுக்கு உங்க வீட்டுக்காரர் ஒரு 43 இன்ச் ரொக்கத்துல வாங்கட்டும், 55 இன்ச் இஎம்ஐக்கு இப்ப என்ன அவசரம்?

இப்ப அந்தப் பையன் விஷயம். அவன் கேக்கறது சாதாரண கண்ணாடி இல்லம்மா. ஸ்கிரீன்ல ரெண்டு தகடு இருக்கும், உள்பக்க தகடுல வட்ட வட்டமா மெல்லிசா கோடு இருக்கும், விரல் நகத்தால தடவினா தெரியும், அது ஃப்ரெனல் லென்ஸ். மூணு அடிக்கு மேல அகலமான ஒரு பூதக் கண்ணாடி. அத நம்ம ஊரு சித்திரை வெயில்ல புடிச்சா வெளிச்சம் குவியற இடத்துல மரக்கட்டை சில விநாடில பத்திக்கும், ஈயம் உருகும், குவிஞ்ச வெளிச்சத்த வெறும் கண்ணால பார்த்தா பார்வையே போகலாம். அவன் அடுப்பு செஞ்சு முடிச்சுட்டு மாடி செவுத்துல சாத்தி வச்சுட்டு ஸ்கூலுக்கு போயிடுவான், மத்தியானம் சூரியன் திரும்பும்போது அது எந்த வைக்கோல் போர் மேல குவியும்னு யாருக்கு தெரியும். அட்டைப்பெட்டியும் அலுமினியம் ஃபாயிலும் வச்சு அழகா சோலார் அடுப்பு செய்யலாம், பையன அதுக்கு உற்சாகப்படுத்துங்க, ஃபாயில் நீங்களே வாங்கிக் குடுங்க.

ஒருவேளை ரிப்பேர் ஆகவே இல்லன்னு வச்சுக்கோங்க, அப்பவும் வீட்டு வாசல்ல போட்டு உடைக்கற ஆளுக்கு குடுக்காதீங்க. டியூப் கண்ணாடில ஈயம் இருக்கும். டியூப்புக்கும் லென்ஸுக்கும் நடுவுல சூடு தணிக்க ஒரு திரவம் ஊத்தியிருப்பாங்க, கிளைகால் கலந்தது, இனிப்பா இருக்கும், விஷம். கொட்டினா நாய் நக்கும், மாடு கன்னு நக்கும், தவழற குழந்தையும் இருக்கு உங்க வீட்டுல. மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி வாங்கின இ-வேஸ்ட் ஆளுங்க வந்து முழுசா எடுத்துட்டு போகட்டும், 500 கிடைக்கலன்னாலும் பரவால்ல. எடுக்க வர்ற அன்னைக்கு லென்ஸ் தகடும் செட்டோடவே போகுதான்னு நீங்க நின்னு பாருங்க.