பழைய காசத்தை மெடிக்கலில் சொல்லலாமா? பிறகு வரப்போகிற பிள்ளைக்கும் இப்பவே மெடிக்கலா?

கேள்வி இதுதான்: கேட்டவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். கணவர் கனடாவிலிருந்து ஸ்பொன்சர் செய்து, இப்போது மெடிக்கல் கடிதம், அதாவது விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போகச் சொல்லும் கடிதம், வந்திருக்கிறது. முன்பு ஒருகாலம் காசத்துக்கு மருந்து குடித்தவர். அதைச் சொன்னால் விசா போய்விடுமோ என்று பயப்படுகிறார். மூத்த மகன் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுப் பிறகு வருவான், அவனை இந்த மெடிக்கலில் விட்டுவிடலாமா என்றும் கேட்கிறார்.

காசத்தைச் சொல்லுங்கள். மகனை விடாதீர்கள். நான் டொக்டர் இல்லை. அக்காவையும் அவளுடைய மூன்று பிள்ளைகளையும் 2022 இல் இதே அலுவலுக்காகக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தவன், அவ்வளவுதான்.

அக்காவுக்குக் காசம் வந்தது 2000 ஆம் ஆண்டளவில், நாங்கள் வன்னியில் இருந்தபோது. மருந்தெல்லாம் ஒழுங்காகக் குடித்து முடித்தாள். கிளினிக் காட் 2009 போரில் மற்ற எல்லாவற்றோடும் போய்விட்டது. மெடிக்கல் கடிதம் வந்ததும், ஃபோம் நிரப்ப உதவிய ஒருவர் சொன்னார்: "பழைய வருத்தத்தை ஏன் கிண்டுறியள்? துண்டும் இல்லை. ஒண்டும் சொல்லாதேங்கோ." உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்போது அது சரியென்றுதான் பட்டது. அக்காதான் மாட்டேன் என்றாள்.

அவள் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. எக்ஸ்ரேயில் தழும்பு அப்படியே கிடந்தது. குணமான காசம்கூட நுரையீரலில் அடையாளம் வைக்கலாம். அவள் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் டொக்டர் எந்த ஆண்டு, எத்தனை மாதம் மருந்து, இப்போது இருமல் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டார். இல்லையென்று கையெழுத்து வைத்த பிறகு தழும்பு தெரிந்திருந்தால் பிரச்சினை நோயாக இருந்திருக்காது, பொய் சொன்னதாக இருந்திருக்கும். கனடாச் சட்டத்தில் தவறான தகவல் கொடுத்தால் 5 வருடத் தடை வரலாம். பழைய காசத்துக்கு அப்படியொரு தடை இல்லை.

ஆனால் தாமதம் இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். தழும்பு தெரிந்தால் இப்போது கிருமி இல்லையென்று உறுதிப்படுத்தச் சளி கேட்பார்கள். அக்காவிடம் மூன்று நாள் விடியற்காலைச் சளி எடுத்தார்கள். அதைக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனைக்கு வைத்தால் முடிவுக்கு எட்டுக் கிழமை வரை போகும். அந்த இரண்டு மாதமும் ஃபைல் அசையாது, அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கனடாவிலிருந்து ஒன்றுவிட்ட ஒருநாள் எடுத்து "என்ன, ஏதும் வந்ததோ?" என்று கேட்பார். கிருமி இல்லையென்று வந்தது, விசாவும் வந்தது. அங்கே இறங்கி 30 நாளுக்குள் பொதுச் சுகாதார அலுவலகத்தோடு தொடர்புகொள்ள வேண்டும் என்று ஒரு கடிதமும் சேர்ந்து வந்தது. அது கண்காணிப்பு மட்டும்தான், தண்டனை இல்லை.

நீங்கள் யாழ்ப்பாணத்திலேயே மருந்து குடித்திருந்தால், அந்த நெஞ்சுநோய் கிளினிக்கில் போய்ப் பழைய பதிவுக்குக் கடிதம் கேட்டுப் பாருங்கள். பழைய எக்ஸ்ரே படம் வீட்டில் எங்காவது சுருட்டிக் கிடந்தால் அதையும் எடுத்துப்போங்கள். புதிதும் பழையதும் ஒரே மாதிரி இருக்கிறதென்றால் டொக்டருக்கு அது பெரிய உதவி. ஆனால் இங்கே பிரைவேட்டில் புதிதாக எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் செய்துகொண்டு போகத் தேவையில்லை. கனடா அங்கீகரித்த பட்டியலில் உள்ள டொக்டர் செய்வதுதான் செல்லும். அவரும் முடிவு சொல்லமாட்டார். அறிக்கையை அனுப்புவார், முடிவு குடிவரவுத் திணைக்களத்துடையது.

இனி மகன். கனடா விதியில் கூடவே வருகிற பிள்ளை, வராத பிள்ளை இரண்டுக்கும் மெடிக்கல் வேண்டும். விண்ணப்பத்தில் காட்டாமலோ பரிசோதிக்காமலோ விட்ட பிள்ளையைப் பிறகு குடும்ப வகுப்பில், அதாவது குடும்ப உறவு என்ற முறையில், ஸ்பொன்சர் செய்ய முடியாமல் போகலாம். ஒழுங்குவிதி 117(9)(டி) என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. 2019 இல் சிலருக்குத் தளர்வு கொடுக்கத் தொடங்கினார்கள், ஆனால் அதை நம்பி ஒரு பிள்ளையை வெளியே விடுகிற வேலை வேண்டாம். அவன் பிறகு வரட்டும், மெடிக்கல் இப்போதே நடக்கட்டும். மெடிக்கல் முடிவு 12 மாதத்துக்குத்தான் செல்லுபடியாகும். அதற்குள் விசா அலுவல் முடியாவிட்டால் திரும்பச் செய்யச் சொல்லலாம், காசும் திரும்பக் கட்ட வேண்டிவரும்.

பிள்ளைகளுக்கு என்ன செய்வார்கள் என்பது வயதைப் பொறுத்தது. அக்காவின் கடைசிக்கு அப்போது நாலு வயது. நிறை, உயரம் பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்ததோடு சரி. சிறுநீர் 5 வயதிலிருந்து, எக்ஸ்ரே 11 இலிருந்து, இரத்தம் 15 இலிருந்து. பன்னிரண்டு வயதுக்காரி ஊசி இல்லையென்று துள்ளினாள், பதினாறு வயதுக்காரன் அவளை முறைத்தான்.

சீனி வருத்தம், பிரஷர் இருந்தால் மறுப்பார்களோ என்று ஊரில் எல்லோரும் பயப்படுகிறார்கள். வருபவரின் வருத்தத்தால் கனடா அரசுக்கு அதிக மருத்துவச் செலவு வருமா என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பொன்சர் செய்யப்படும் மனைவி, கணவன், தங்கிவாழும் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. அம்மா அப்பாவை ஸ்பொன்சர் செய்தால் அவர்களுக்கு அது பொருந்தும், அந்தச் செலவு வரம்பையும் 2018 இல் மூன்று மடங்காக உயர்த்தினார்கள். குடிக்கிற மருந்துகளின் பெயரை எழுதி, கிளினிக் கொப்பியோடு கொண்டுபோங்கள், போதும்.

கடிதம் கிடைத்து 30 நாளுக்குள் செய்ய வேண்டும், ஆகவே இன்றைக்கே திகதி எடுங்கள். மாதவிடாய் நாளில் சிறுநீர்ப் பரிசோதனை சரியாக வராது, அதையும் பார்த்துத் திகதி போடுங்கள். எல்லோருக்கும் அசல் பாஸ்போர்ட். கொப்பி எடுத்த தாள் சரிவராது. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடி.

நாங்கள் போனது பெற்றோல் வரிசைக் காலம். இரவு ரயிலில் போய் அடுத்த இரவே திரும்பலாம் என்று ஆளுக்கு ஒரு மாற்றுடுப்போடு போனோம். சளி கேட்டதும் வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டில் ஐந்து நாள் இருந்து, தினமும் அதே உடுப்பைத் தோய்த்துப் போட்டோம். உங்களிடமும் சளி கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பையைக் கட்டுங்கள்.