எந்தத் தெமேத்திரியு?

வரலாறு: வாசகர் கேள்வி – பதில்

கே: ஒரு நூலில் ‘முதலாம் தெமேத்திரியு’ ரோட்ஸ் தீவை முற்றுகையிட்டவர். இன்னொன்றில் ரோமிலிருந்து தப்பி ஓடியவர். மூன்றாவதில் இந்துகுஷ் மலையைத் தாண்டியவர். இத்தனையும் ஒரே ஆளா?

ப: மூன்று பேர். ‘முதலாம்’, ‘இரண்டாம்’ என்ற எண்கள் அக்கால நாணயத்திலும் இல்லை, கல்வெட்டிலும் இல்லை. பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் வசதிக்காக ஒட்டியவை அவை. அதையும் வம்சத்துக்கு வம்சம் தனியாக எண்ணினார்கள். அதனால்தான் மாசிதோனியாவுக்கு ஒரு முதலாமவர், சிரியாவை ஆண்ட செலூக்கியருக்கு ஒருவர், பாக்திரியாவுக்கு (இன்றைய வட ஆப்கானிஸ்தானை ஒட்டிய நாடு) ஒருவர்.

மாசிதோனியர், அலெக்சாந்தரின் தளபதி ஒற்றைக்கண் அந்திகோனஸின் மகன். நகரங்களை முற்றுகையிடுபவர் என்ற பொருளில் ‘போலியோர்கெத்தெஸ்’ என்பது பட்டப்பெயர். கி.மு. 305-304இல் ரோட்ஸுக்கு எதிராக அவர் நிறுத்திய நகரும் கோபுரத்தைத் தியோதோரஸ் என்ற வரலாற்றாசிரியர் விவரிக்கிறார். அடித்தளம் பக்கத்துக்கு ஏறக்குறைய 50 முழம், உயரம் 100 முழத்தை நெருங்கும், ஒன்பது அடுக்கு, எட்டுச் சக்கரம், நகர்த்த 3,400 ஆள். அப்படியும் நகரம் விழவில்லை. கைவிடப்பட்ட தளவாடங்களை விற்றுக் கிடைத்த 300 தாலந்துப் பணத்தில்தான் ரோட்ஸ் மக்கள் சூரியக் கடவுளின் பெருஞ்சிலையை நிறுத்தினார்கள் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி.

செலூக்கியர், நான்காம் செலூக்கஸின் மகன். ரோமில் பிணைக்கைதியாக வளர்ந்து, கி.மு. 162இல் தீருவுக்குப் போகும் கார்த்தேஜ் கப்பலில் ஏறித் தப்பினார். திட்டத்தில் கைகொடுத்தவர் வரலாற்றாசிரியர் போலிபியஸ், எழுதிவைத்தவரும் அவரே. பாக்திரியர், யூத்திதெமஸின் மகன். கி.மு. 2ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்துகுஷ்ஷைக் கடந்து தெற்கே வந்தவர் இவர்.

குறிப்பெடுக்கும்போது எண்ணை மட்டும் எழுதினால் ஒரு வாரத்தில் குழம்பிவிடும். நாடு, தந்தை பெயர், பட்டப்பெயர், ஆண்டு நான்கையும் சேர்த்தே எழுதுங்கள். எண் இல்லாவிட்டாலும் நட்டமில்லை.

கே: ஏன் எல்லோருக்கும் இதே பெயர்? கிரேக்கருக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா?

ப: தெமேத்தர் தானியத்தின் தேவதை. அவள் பெயரை வைப்பது கிரேக்கம் பேசிய எல்லா ஊரிலும் சாதாரணம். தத்துவஞானிகளின் வாழ்க்கையைத் தொகுத்த தியோகெனஸ் லாயர்தியஸ் ஒரு தெமேத்திரியுவின் வாழ்க்கையை எழுதி முடித்த கையோடு, இதே பெயரில் குறிப்பிடத்தக்கவர்கள் இருபது பேர் என்று பட்டியல் போடுகிறார். பேச்சுக்கலை ஆசிரியர்கள், இலக்கண ஆசிரியர்கள், ஓவியர், கவிஞர் என்று அது நீள்கிறது. படிப்பாளிகளும் கலைஞர்களும் மட்டுமே இத்தனை பேர்.

அரச குடும்பத்தில் இன்னொரு காரணமும் சேரும். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கம் கிரேக்கரிடமும் இருந்தது. அந்திகோனஸ், தெமேத்திரியு, மறுபடி அந்திகோனஸ், மறுபடி தெமேத்திரியு என்று மாசிதோனியாவில் நான்கு தலைமுறை ஓடியது இப்படித்தான். செலூக்கியருக்கு இந்தப் பெயர் பெண்வழியில் வந்தது. போலியோர்கெத்தெஸின் மகள் ஸ்திராத்தோனிக்கே முதலில் செலூக்கஸையும் பிறகு அவர் மகன் அந்தியோக்கஸையும் மணந்தாள். பாக்திரியாவின் தெமேத்திரியுவை இந்த இரு குடும்பங்களோடும் பெயரை வைத்து முடிச்சுப் போடுவதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது.

கே: அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்துத் தட்டானும், யோவானின் மூன்றாம் கடிதத்தில் நற்சாட்சி பெற்றவரும் ஒருவரே என்று பிரசங்கத்தில் கேட்டேன். சரிதானா?

ப: அழகான கற்பனை, சான்று இல்லை. தட்டான் தெமேத்திரியு எபேசில் தியானாளின் சிறு கோயில்களை வெள்ளியில் செய்தவர். பவுலின் போதனையால் பிழைப்புப் போகிறது என்று தொழிலாளரைக் கிளப்பிவிட்டார். கூட்டம் காயுவையும் அரிஸ்தர்க்குவையும் இழுத்துக்கொண்டு அரங்கசாலைக்குள் பாய்ந்து இரண்டு மணி நேரம் கூச்சல் போட்டது. நகரத்துச் சம்பிரதிதான், வழக்கிருந்தால் நியாயஸ்தலத்துக்குப் போங்கள் என்று கலைத்து அனுப்பினார். அதோடு தட்டானின் கதை முடிகிறது. மனம் மாறினார் என்று ஒரு சொல்கூட இல்லை.

மூன்றாம் கடிதம் காயு என்பவருக்கு எழுதப்பட்டது. தெமேத்திரியுவுக்கு எல்லோரும் சாட்சி, சத்தியமே சாட்சி என்று 12ஆம் வசனம் சொல்கிறது. தொழில் இல்லை, ஊர் இல்லை, தந்தை பெயர் இல்லை. இரண்டு இடத்திலும் காயு வருகிறாரே என்று சிலர் மகிழ்வார்கள். காயு அதைவிட மலிவான பெயர். 4ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘அப்போஸ்தல ஒழுங்குகள்’ என்ற நூல், யோவான் தெமேத்திரியு ஒருவரைப் பிலதெல்பியாவுக்குக் கண்காணியாக நியமித்தார் என்கிறது. முந்நூறு ஆண்டு கழித்து எழுதியதை அதற்குரிய எடையோடுதான் வாங்கவேண்டும்.

இதே தட்டானை ஒரு கல்வெட்டோடும் ஒட்டப் பார்த்தார்கள். எபேசில் கிடைத்த கல்லொன்றில், கோயில் பராமரிப்பைக் கவனிக்கும் ‘நியோபொயோஸ்’ என்ற பதவியில் ஒரு தெமேத்திரியு இருக்கிறார். ‘கோயில் செய்பவர்’ என்று அப்போஸ்தலர் நூலின் ஆசிரியர் லூக்கா அந்தப் பதவியைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று 19ஆம் நூற்றாண்டு இறுதியில் ஒரு வாதம் எழுந்தது. ஊரும் பெயரும் பொருந்துகின்றன, ஆள் பொருந்தினார் என்று அதனால் ஆகிவிடாது. எபேசு போன்ற பெருநகரில் தெருவுக்கொரு தெமேத்திரியு இருந்திருப்பார்.

கே: மக்கபேயர் முதல் நூலில் வரும் மன்னர் தெமேத்திரியு யார்? ஓரிடத்தில் இறக்கிறார், பிறகு மறுபடி வருகிறாரே!

ப: தந்தையும் மகனும். 7ஆம் அதிகாரத் தொடக்கத்திலிருந்து 10:50 வரை தந்தை, ‘சோத்தேர்’ என்ற பட்டம் கொண்டவர். 10:50இல் அரியணைக்குப் போட்டியிட்ட அலெக்சாந்தர் பாலாஸோடு நடந்த போரில் விழுகிறார். 10:67இல் கிரேத்தாவிலிருந்து வருபவர் மகன், ‘நிக்காத்தோர்’. அதற்குப் பிறகு வரும் எல்லாத் தெமேத்திரியுவும் மகனே.

ஆண்டைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. அந்நூல் தருவது செலூக்கிய ஆண்டு. 313இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் கி.மு. ஆண்டு வரும். தந்தை ரோமிலிருந்து புறப்பட்டது 151, ஆக கி.மு. 162. மகன் வந்தது 165, ஆக கி.மு. 148. ஆனால் ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறந்து அடுத்த இலையுதிர் காலம் வரை போவதால், 148/147 என்று இரண்டையும் எழுதுவதே சரி. பாபிலோனில் எண்ணிக்கை கி.மு. 311 வசந்தத்தில் தொடங்கியது. அந்தக் கணக்கும் நூலில் கலந்திருப்பதால் சில இடங்களில் ஓராண்டு இடறும். பதறவேண்டாம்.

மூன்றாவது செலூக்கியத் தெமேத்திரியு ஒருவர் கி.மு. 1ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தமஸ்குவில் ஆண்டார். மக்கபேயர் நூல்களில் அவரைத் தேடாதீர்கள். யூத அரசன் அலெக்சாந்தர் யன்னாயுவுக்கு எதிராக யூதர்களே அவரை அழைத்த கதையை யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் சொல்கிறார். சாக்கடல் சுருள்களில் நாகூம் நூலுக்கான உரையில், எருசலேமுக்குள் நுழைய முயன்ற ‘கிரேக்க அரசன்’ என்று வருபவரும் இவரே என்பது பெரும்பாலோர் கருத்து. அங்கே பெயரின் முன்பாதி சிதைந்து, பின்பாதி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கே: அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவர் தெமேத்திரியு, எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்க்க ஏற்பாடு செய்தார் என்பது உண்மையா?

ப: அவர் பலேரோன் ஊர்க்காரர், தத்துவஞானி தியோபிராஸ்தஸின் மாணவர். கி.மு. 317 முதல் 307 வரை மாசிதோனிய ஆட்சியாளர் கசாந்தரின் சார்பில் ஏதென்ஸை ஆண்டார். அவருக்கு 360 வெண்கலச் சிலை வைத்தார்கள் என்று தியோகெனஸ் சொல்கிறார். 307இல் அவரை விரட்டியவர் யார் தெரியுமா? மேலே பார்த்த போலியோர்கெத்தெஸ்! தெமேத்திரியுவைத் தெமேத்திரியு துரத்தினான் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் வாசகர் கதி அதோகதி.

பிறகு எகிப்து போய் அந்நாட்டு அரசர் முதலாம் தாலமிக்கு ஆலோசகரானார். மொழிபெயர்ப்புக் கதை ‘அரிஸ்தெயாவின் கடிதம்’ என்ற நூலில் வருகிறது. அதன்படி எல்லாம் இரண்டாம் தாலமியின் காலத்தில் நடந்தது. சிக்கல் அங்கேதான். வாரிசுப் போட்டியில் வேறு மகனை ஆதரித்ததால், இரண்டாம் தாலமி பட்டத்துக்கு வந்ததும் இவரை அரசவையிலிருந்து அகற்றினார், பாம்பு கடித்து இறந்தார் என்பது ஹெர்மிப்பஸ் வழியாக வந்த செய்தி. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. நூலகம் உருவாக அவர் யோசனை தந்திருக்கலாம். மொழிபெயர்ப்பை இரண்டாம் தாலமியின் நூலகத் தலைவராக இருந்து நடத்தினார் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

இவர் தலையில் விழுந்த மற்றவர் பாரம் இன்னும் இருக்கிறது. எபிரேய வேதத்தின் கால வரிசையைக் கணக்கிட்ட யூத எழுத்தாளர் ஒருவர், அவரும் தெமேத்திரியு, கி.மு. 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். அவருடைய சிதறல்கள் திருச்சபை வரலாற்றாசிரியர் யுசேபியஸின் நூலில் மிஞ்சியுள்ளன. யோசேபஸ் அவரைப் பலேரோன் ஊர்க்காரர் என்று எண்ணி, கிரேக்கர் ஒருவர் யூதரைப் பற்றி ஓரளவு சரியாக எழுதியதாகப் பாராட்டிவிட்டார். ‘நடை பற்றி’ என்ற இலக்கிய நூலையும் இவர் பெயரில் வெகுகாலம் ஏற்றிவைத்தார்கள். அந்த நூலே பலேரோன் தெமேத்திரியுவை மூன்றாம் மனிதராக வைத்து ஒரு சம்பவம் சொல்கிறது. ஒன்றுக்கு இரண்டு தடவை படித்திருந்தால் போதும்.

கே: நாணயத்தில் ‘தெமேத்திரியு’ என்றிருந்தால் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: ‘அரசன் தெமேத்திரியுவினுடைய’ என்று ஆறாம் வேற்றுமையில்தான் எழுத்து இருக்கும். அது எல்லோருக்கும் பொது, ஆகவே அதை ஒதுக்கிவிட்டுப் படத்தைப் பாருங்கள்.

கப்பல் முனையில் நின்று ஊதுகொம்பு ஊதும் வெற்றித் தேவதை, மறுபக்கம் சூலம் எறியும் பொசைதோன் என்றால் போலியோர்கெத்தெஸ். கி.மு. 306இல் சைப்ரஸின் சலாமிஸில் பெற்ற கடற்போர் வெற்றியின் நினைவு. யானைத் தலைத்தோலை முடியாக அணிந்த முகம், பின்னால் தனக்குத்தானே மாலை சூடும் ஹெராக்ளிஸ் என்றால் பாக்திரியர். அரியணையில் அமர்ந்த அதிர்ஷ்ட தேவதை தீக்கே கையில் வளக்கொம்போடு இருந்தால் சோத்தேர். அவருடைய பிற்கால நாணயங்களில் ஆண்டும் கிரேக்க எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கும்: ஏட்டா 8, நியூ 50, ரோ 100, ஆக 158, அதாவது கி.மு. 155/154. ஒன்றின் இடம் முதலில் வருவதால் வரிசையைப் பார்த்து மிரளாதீர்கள்.

நிக்காத்தோரிடம் தாடியைப் பாருங்கள். முதல் ஆட்சியில் மழித்த முகம். பார்த்தியரிடம் சிறைப்பட்டு, அவர்கள் அரசகுமாரி ரோதோகுனேயை மணந்து, கி.மு. 129இல் திரும்பிய பின் அடித்த நாணயங்களில் நீண்ட தாடி.

எடை உதவும், முழுதாக நம்பவேண்டாம். ஏதென்ஸின் எடைமுறையான ஆத்திக்க அளவில் நான்கு திரக்மாக் காசு ஏறக்குறைய 17 கிராம். பினிக்கிய நகரங்களில் நிக்காத்தோருக்காக அடித்தவை 14 கிராம் அளவில் இருக்கும், பின்புறம் கழுகு. தேய்ந்த காசு கிராம் கணக்கில் இளைத்திருக்கும் என்பதால் எடையை வைத்து மட்டும் முடிவு கட்டினால் தவறும்.

பெரிய பொறி ஒன்று உண்டு. பாக்திரியாவின் அகத்தோக்லெஸ், தனக்கு முந்திய அரசர்களின் நினைவாக நாணயம் அடித்தார். முன்பக்கம் ‘வெல்லப்படாத தெமேத்திரியு’ என்று பெயரும் முகமும். பின்பக்கம் ‘ஆளுகின்ற அகத்தோக்லெஸ்’. ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு நிறுத்தியவர்கள் காசையும் காலத்தையும் தவறவிடுவார்கள்.

கே: கலிங்க அரசன் காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டில் மதுரைக்குப் பின்வாங்கிய யவன அரசன் இந்தப் பாக்திரியத் தெமேத்திரியுதானா?

ப: அங்கே குறிப்பிடப்படுவது வடக்கே யமுனைக் கரையிலுள்ள மதுரா. யவன அரசனைப் பற்றிய இடத்தில் கல் மிகவும் சிதைந்திருக்கிறது. ‘திமித’ என்று சிலர் படித்தார்கள், அந்த எழுத்துகளே அங்கில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. காரவேலனைக் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வைத்தால் யூத்திதெமஸின் மகனுக்கு அவர் சமகாலத்தவரே அல்லர். படிக்க முடியாத எழுத்தை வைத்துக் காலத்தை நிறுவி, அந்தக் காலத்தை வைத்து எழுத்தைப் படிப்பது வட்டத்தில் சுற்றுவது. உறுதியான கல் சான்று வேண்டுமென்றால் தஜிகிஸ்தானின் குல்யாபில் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டைப் பாருங்கள். யூத்திதெமஸ் அரசனும் வெற்றிபெற்ற மகன் தெமேத்திரியுவும் அதில் பெயரோடு இருக்கிறார்கள்.

கே: புறத்தேவதையின் பெயரோடு ஒருவர் புனிதராக முடியுமா?

ப: தாராளமாக. ஆதிச் சபையில் பெயரை மாற்றும் கட்டாயம் இல்லை. கி.பி. 189 முதல் 232 வரை அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்தவர் தெமேத்திரியு. இறையியலாளர் ஒரிகெனை மறைக்கல்விப் பள்ளிக்குப் பொறுப்பாக்கியவரும், பின்னாளில் செசரியாவில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்ததற்காகக் கொதித்தவரும் அவரே.

தெசலோனிக்காவின் புனித தெமேத்திரியு வேறு. 4ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரோமப் பேரரசர் கலேரியஸ் காலத்தில் ஈட்டியால் குத்தப்பட்டவர், திருநாள் அக்டோபர் 26. இவரிலும் ஒரு சிக்கல்: சிர்மியம் நகரில் இதே பெயரில் ஒரு திருத்தொண்டர் மறைசாட்சி உண்டு, நாள் ஏப்ரல் 9. ஒருவருடைய வழிபாடே இன்னொரு நகரத்துக்குப் பெயர்ந்தது என்போர் இருக்கிறார்கள்.

கே: இப்படிப் பெயரை வைத்து ஒருவரை இன்னொருவரோடு ஒட்டியதில் ஒன்றாவது தேறியதா?

ப: தேறியது. இங்கிலாந்தின் யார்க் நகரில் கிடைத்த இரண்டு சிறு வெண்கலத் தகடுகளில் ஸ்கிரிபோனியஸ் தெமேத்திரியு என்ற ஒருவரின் கிரேக்கக் காணிக்கை எழுத்து இருக்கிறது. ஒன்று கடல் தெய்வங்களான ஒக்கெயானோஸுக்கும் தெத்திஸுக்கும், மற்றது ஆளுநர் மாளிகையின் தெய்வங்களுக்கு. கி.பி. 80களில் நடப்பதாகப் புளூட்டார்க் அமைத்த ஓர் உரையாடலில், பிரித்தானியாவிலிருந்து திரும்பும் வழியில் டெல்ஃபிக்கு வரும் தர்சு நகரத்து இலக்கண ஆசிரியர் தெமேத்திரியு பேசுகிறார். பேரரசரின் உத்தரவின்பேரில் அங்குள்ள தீவுகளைப் பார்த்துவந்ததாகவும் சொல்கிறார். பெயர், காலம், இடம், கிரேக்கம் அரிதான தொலைதூர மாகாணம், ஆளுநரோடு தொடர்பு என ஐந்தும் பொருந்துவதால் இருவரும் ஒருவரே என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.