புல்தரைப் பராமரிப்புத் தொழில்: புதிய வாடிக்கையாளரை எங்கே தேடுவது?

சிறுதொழில் பகுதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோயம்புத்தூர் வடவள்ளியில் நானும் என் தம்பியும் வீட்டுத் தோட்டங்களையும் புல்தரைகளையும் பராமரிக்கும் தொழிலை நடத்தி வருகிறோம். புல் வெட்டும் இயந்திரம், பிரஷ் கட்டர், சிறிய சரக்கு வண்டி ஆகியவை சொந்தமாக உள்ளன. உதவிக்கு இருவர் வேலை செய்கிறார்கள். மாதக் கட்டணத்தில் சில வீடுகள் மட்டுமே கைவசம் இருப்பதால் வாரத்தில் பாதி நாட்கள் வேலையின்றிக் கழிகின்றன. சரவணம்பட்டி, காளப்பட்டி, போத்தனூர் என்று நகரம் முழுவதும் பிட் நோட்டீஸ் கொடுத்தும் பெரிய பலன் இல்லை. தெருவோர மரங்களிலும் சுவர்களிலும் சிறு விளம்பரப் பலகைகள் வைக்குமாறு நண்பர் ஒருவர் சொல்கிறார். குறைந்த செலவில் எப்படி விளம்பரம் செய்வது?
— வாசகர், வடவள்ளி

பதில்: எப்படி விளம்பரம் செய்வது என்பதற்கு முன்பு, எந்தத் தெருக்களில் விளம்பரம் செய்வது என்பதை முடிவு செய்யுங்கள். உங்கள் தொழிலில் லாபத்தை அதிகமாகத் தின்பது பயண நேரம். வடவள்ளி நகரின் மேற்கு ஓரத்திலும் காளப்பட்டி கிழக்கு ஓரத்திலும் இருப்பதால், ஒரு மணி நேர வேலைக்காக நான்கு பேர் நகரைக் குறுக்காகக் கடந்து திரும்பினால், வேலை நேரத்தைவிடச் சாலையில் கழியும் நேரம் கூடிவிடும். அந்த நேரத்துக்கும் நீங்கள் கூலி கொடுத்தாக வேண்டும். அப்படிக் கிடைக்கும் வாடிக்கையாளர் ஒழுங்காகப் பணம் தருபவராக இருந்தாலும், அவரால் உங்களுக்கு மிஞ்சுவது சொற்பமே. ஆகவே நகரெங்கும் நோட்டீஸ் தூவுவதை நிறுத்திவிட்டு, வடவள்ளியிலும் மருதமலைச் சாலையை ஒட்டிய குடியிருப்புகளிலும் மட்டும் அடுத்த ஓராண்டுக்கு முழுக் கவனத்தையும் செலுத்துங்கள். ஒரே தெருவில் நான்கு வீடுகள் கிடைத்தால், காலையில் இறக்கிய இயந்திரத்தை மதியம் வரை வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை.

உங்களுடைய மிகச் சிறந்த விளம்பரம், நீங்கள் ஏற்கெனவே பராமரிக்கும் வீடுகளின் புல்தரைதான். இயந்திரச் சத்தம் அக்கம்பக்கத்தாரின் கவனத்தை எப்படியும் ஈர்க்கிறது. வேலை முடிந்ததும் அந்தத் தெரு முன்பைவிடச் சுத்தமாக இருந்தால் அந்தக் கவனம் நல்லெண்ணமாக மாறும். வெட்டிய புல்லைச் சாலையோரம் குவித்துவிட்டுப் போவதும், காலி மனையில் கொட்டித் தீ வைப்பதும் பத்து நோட்டீஸ்களின் பயனை ஒரே நாளில் அழித்துவிடும். ஒரு வீட்டில் வேலை நடக்கும் நாளில், உரிமையாளரின் அனுமதியுடன், தொழிலின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சிறு பலகையை வாயிலருகே வைத்து, கிளம்பும்போது எடுத்துவிடுங்கள். பிறகு சகோதரர்களில் ஒருவர் இரு பக்கமும் உள்ள பத்துப் பதினைந்து வீடுகளுக்குச் சென்று, "பக்கத்து வீட்டுத் தோட்டத்தை நாங்கள்தான் பார்க்கிறோம், நேரம் கிடைக்கும்போது வந்து பாருங்கள்" என்று சொல்லி நோட்டீஸை நேரில் கொடுக்கட்டும். கேட்டுக்குள் வீசி எறியப்படும் தாளுக்கும், பார்த்துப் பேசிய மனிதர் கொடுத்த தாளுக்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. முன்பின் தெரியாத ஆட்களை வீட்டு வளாகத்துக்குள் விடுவது பற்றிய தயக்கம், குறிப்பாக முதியவர்கள் தனியே வசிக்கும் வீடுகளில், கட்டணத்தைவிடப் பெரிய தடையாக இருக்கிறது. நேரில் பேசுவது அதைக் குறைக்கும். உதவியாளர்களுக்கு ஒரே நிறச் சட்டை தைத்துக் கொடுப்பதையும் நான் இதே காரணத்துக்காக விளம்பரச் செலவாகவே கருதுவேன்.

நாளிதழ்களுக்குள் நோட்டீஸ் வைப்பதென்றால், உங்கள் பகுதிக்கு மட்டும் இதழ் போடும் முகவரைப் பிடித்து, தனி வீடுகள் மிகுந்த தெருக்களுக்குச் செல்லும் இதழ்களில் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். ஒரே முறை ஐயாயிரம் தாள் கொடுப்பதைவிட, அதே ஆயிரம் வீடுகளுக்குச் சில மாத இடைவெளியில் ஐந்து முறை கொடுப்பது நல்லது. ஏனெனில் முதல் தாள் வந்த நாளில் அந்த வீட்டுக்காரருக்குத் தோட்டக்காரர் தேவைப்படாமல் இருந்திருக்கலாம்.

நண்பரின் யோசனையை ஏற்க வேண்டாம். பொதுமக்கள் பார்வையில் உள்ள இடங்களைச் சுவரொட்டிகளாலும் எழுத்துகளாலும் உருக்குலைப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அதைவிட முக்கியமாக, செடிகொடிகளைப் பேணுவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் உயிருள்ள மரத்தில் ஆணி அடித்துத் தம் பெயரைத் தொங்கவிடுவது தகாத செயல். ஆணி துளைத்த பட்டை வழியே பூச்சியும் பூஞ்சையும் புகும் என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பலகையைப் பார்க்கும் தோட்டப் பிரியர் உங்களை அழைக்க மாட்டார், அழைக்கவும் கூடாது.

நோட்டீஸில் என்ன எழுதுவது என்பதில் பலரும் தவறுகிறார்கள். "அனைத்துத் தோட்ட வேலைகளும் செய்து தரப்படும்" என்ற வரி எவரையும் நிறுத்தி வாசிக்க வைக்காது. படிப்பவர் தம் தோட்டத்தில் தினமும் பார்க்கும் குறையை எழுதுங்கள்: புல்லுக்கு நடுவே கோரை மண்டிக் கிடப்பது, கொரியன் புல் வெட்டப்படாமல் மேடுமேடாகத் திரண்டு நிற்பது, மரநிழலில் புல் கலைந்து மண் தெரிவது, போர்வெல் உப்புநீரால் நுனி கருகுவது. இவற்றில் எவற்றைச் சரிசெய்வீர்கள், எந்த நாட்களில் எந்தத் தெருக்களுக்கு வருகிறீர்கள், வெட்டிய கழிவை நீங்களே எடுத்துச் செல்வீர்களா என்பவற்றைத் தெளிவாகத் தமிழில் அச்சிட்டு, தொலைபேசி எண்ணைக் கண்ணாடி இல்லாமலே படிக்கும் அளவில் போடுங்கள். படம் வைப்பதானால் நீங்கள் பராமரித்த புல்தரையின் படத்தையே வையுங்கள். இணையத்தில் எடுத்த வெளிநாட்டுப் புல்வெளிப் படம், நம் வெயிலிலும் கரிசல் மண்ணிலும் எட்ட முடியாத எதிர்பார்ப்பை உண்டாக்கி, பிறகு உங்களுக்கே கெட்ட பெயர் தேடித் தரும்.

அடுத்து, உங்களுக்கு முன்பாக அந்த வீட்டுக்குள் நுழைந்தவர்களைத் தேடிச் செல்லுங்கள். புதுவீடுகளில் தோட்ட வேலை பெரும்பாலும் பெயின்டிங் முடிந்த பிறகே தொடங்குகிறது. ஆகவே கட்டடப் பொறியாளர், பெயின்டிங் ஒப்பந்தக்காரர், தரைக்கல் பதிப்பவர் ஆகியோருக்குத்தான் எந்த வீட்டில் புல் பதிக்கும் நேரம் நெருங்குகிறது என்று தெரியும். ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை. ஆவணியிலும் தையிலும் வைக்கிறார்கள். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு பதித்த புல் வேர் பிடித்திருக்காது என்பதால், ஆடியும் மார்கழியும் இந்த மனிதர்களைச் சந்திப்பதற்கு மிகப் பொருத்தமான மாதங்கள். நர்சரிக்காரர்களின் அறிமுகம் இதைவிடவும் மதிப்புடையது. செடி வாங்க வருபவர்களில் பலர் "இதை வைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறாரா?" என்று அங்கேயே கேட்கிறார்கள். நீங்கள் புல்லும் உரமும் தொடர்ந்து வாங்கும் நர்சரியில் உங்கள் அட்டையை வைத்து, அவர் அனுப்பும் வீட்டுக்கு அன்றைக்கே சென்று பார்த்தால், அடுத்த முறையும் அவர் உங்கள் பெயரையே சொல்வார்.

கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. கடை வைத்திராமல் வாடிக்கையாளர் இடத்துக்குச் செல்லும் தொழிலாக இருந்தால், வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம். அதில் கோயம்புத்தூர் முழுவதையும் போடாமல் நான் மேலே சொன்ன பகுதிகளையே போடுங்கள். வாடிக்கையாளர்களிடம் விமர்சனம் எழுதுமாறு கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்காகத் தள்ளுபடியோ பரிசோ கொடுப்பது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களை, உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு, வீட்டு எண்ணும் வண்டி எண்ணும் தெரியாதபடி பதிவேற்றுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் வசிக்க, பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகளில், ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்கு அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். அந்தப் படம் உறவினருக்கும் நண்பருக்கும் போய்ச் சேரும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நோட்டீஸ் பயன்படாது. அங்கே முடிவெடுப்பவர் சங்கச் செயலாளரும் குழுவினரும் என்பதால், தோட்டப் பரப்பை அளந்து, மாதத்தில் எத்தனை முறை புல் வெட்டுவது, களை எடுப்பது, உரமிடுவது, கழிவை அகற்றுவது யார் பொறுப்பு என்று பிரித்து எழுதிய கொட்டேஷனைக் கொடுக்க வேண்டும். பல சங்கங்கள் ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வைத்திருப்பதால் ஜனவரி, பிப்ரவரியிலேயே அணுகுவது நல்லது. பில், பான் எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கேட்பார்கள். சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் இணையத்தில் இலவசமாகவே செய்யப்படுகிறது. அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்களை நாட வேண்டாம். சேவைத் தொழிலில் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை தமிழ்நாட்டில் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை.

அழைக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். மாதம் 1,500 ரூபாய் தரும் ஒரு வீடு ஓராண்டு தொடர்ந்தால் வரவு 18,000 ரூபாய். அந்த வீட்டைப் பெற 1,000 ரூபாய் செலவானதென்றால் கவலைப்பட வேண்டாம். ஒரே ஒருமுறை புல் வெட்டி 800 ரூபாய் தந்தவருக்காக அதே தொகை செலவானதென்றால் அந்த வழியைக் கைவிடுங்கள்.

கேள்வி: விளம்பரத்திலேயே கட்டணத்தைக் குறிப்பிடலாமா? "முதல் மாதம் இலவசம்" என்று அறிவித்தால் அதிகம் பேர் வருவார்கள் என்று நினைக்கிறேன். சரியா?
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: குறைந்தபட்சக் கட்டணத்தைக் குறிப்பிடுங்கள். "1,000 சதுர அடி வரை, மாதம் இருமுறை, இவ்வளவு ரூபாய் முதல்" என்று எழுதினால், அதைத் தர விரும்பாதவர்கள் அழைக்க மாட்டார்கள். இரு தரப்புக்கும் நேரம் மிச்சம். நிலத்தைச் சென்ட் கணக்கில் சொல்பவர்களுக்காக, ஒரு சென்ட் ஏறத்தாழ 435 சதுர அடி என்பதையும் மனத்தில் வைத்துக் கணக்கிடுங்கள். மனைப் பரப்பு வேறு, புல்தரைப் பரப்பு வேறு என்பதால் நேரில் அளக்காமல் இறுதித் தொகையைச் சொல்ல வேண்டாம்.

முதல் மாதத்தை இலவசமாகத் தருவதை நான் ஆதரிக்கவில்லை. பராமரிப்பின்றிக் கிடந்த புல்தரையில் மிகக் கடினமான உழைப்பு முதல் மாதத்தில்தான் தேவைப்படுகிறது. உயரமாக வளர்ந்துவிட்ட புல்லை ஒரே வெட்டில் தரைமட்டமாக்கினால் அது மஞ்சளித்துப் பட்டுப்போகும். ஒவ்வொரு முறையும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல், பல முறை சென்று படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கோரையை மேலே பிடுங்கினாலும் மண்ணுக்குள் கிழங்கு தங்கி மீண்டும் முளைக்கும். இத்தனையும் இலவசமாகச் செய்து கொடுத்த பிறகு "இப்போது நன்றாக இருக்கிறது, தேவைப்பட்டால் கூப்பிடுகிறேன்" என்று சொல்பவரை நீங்கள் எதுவும் கேட்க முடியாது. முதல் சீரமைப்புக்கு உரிய கட்டணத்தை வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் தொடர்பவருக்கு அதில் ஒரு பகுதியைக் கடைசி மாதங்களில் கழித்துக்கொடுப்பதாக எழுதுங்கள். "கோரை ஒரே முறையில் ஒழியும்" என்பது போன்ற வாக்குறுதியை எந்த நிலையிலும் அச்சிடாதீர்கள்.

கேள்வி: ஓசூரில் பெண்கள் சிலர் சேர்ந்து தோட்டப் பராமரிப்புக் குழு தொடங்கியுள்ளோம். முகநூலில் பணம் கட்டி விளம்பரம் செய்தோம். விருப்பக்குறிகள் நிறைய வந்தன. அழைத்தவர்களில் பலர் வேறு மாவட்டத்தினர், சிலர் எங்களிடமே வேலை கேட்டவர்கள். எங்கே தவறு?
— வாசகி, ஓசூர்

பதில்: விளம்பரம் யாருக்குக் காட்டப்பட வேண்டும் என்ற எல்லையை நீங்கள் அமைக்கவில்லை என்று தோன்றுகிறது. முகநூலில் வரைபடத்தில் ஒரு புள்ளியைக் குறித்து, அதைச் சுற்றிய சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும் வசதி உண்டு. புதிய மனைப்பிரிவுகளும் தனி வீடுகளும் மிகுந்த ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். விருப்பக்குறிகளைப் பெறும் வகை விளம்பரத்தைத் தவிர்த்து, நேரடியாக அழைப்போ வாட்ஸ்அப் செய்தியோ வரும் வகையைத் தேர்வு செய்யுங்கள். உங்கள் ஊரில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளமாக இருப்பதாலும், பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்வோர் பலர் அங்கே வசிப்பதாலும், ஒரே படத்துக்கு இரண்டு மூன்று மொழிகளில் தனித்தனி வாசகம் எழுதிப் பாருங்கள். எந்த மொழியில் அழைப்பு அதிகம் வருகிறது என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

படத்தில் உங்கள் குழுவினர் சீருடையுடன் வேலை செய்வது தெரியட்டும். பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில், வேலைக்கு வருபவர்களும் பெண்களே என்பது பெரிய நிம்மதி. அதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே சொல்லுங்கள். வேலை கேட்டு அழைத்தவர்களின் எண்களையும் அழிக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி அக்டோபரில் புல்லும் களையும் ஒருசேர வளரும்போது உங்களுக்குக் கூடுதல் கைகள் தேவைப்படும்.