அப்பா பேரில் வந்த கிசான் பணம் நின்றுவிட்டதே?

கேள்வி: ஒன்றரை ஏக்கர் நெல் வயல், பெரியாறு கால்வாய்ப் பாசனம். அப்பா இறந்ததும், விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் பணம் நின்றுவிட்டது. 2019-க்குப் பிறகு நிலம் வேறு பேருக்கு மாறினால் கிடைக்காது என்கிறார்கள், நிஜமா? (வாசகர், மேலூர்)

பதில்: கவலைப்படாதீர்கள் தம்பி, கிடைக்கும். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு விற்பனை, தானம் போன்ற வழியில் கைமாறிய நிலத்துக்குத்தான் அந்தத் தடை, இறந்தவரிடமிருந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்குக் கிடையாது. முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு மனுப் போடுங்கள், பலர் இதைத் தள்ளிப்போட்டே வருடம் 6,000 ரூபாயை, அதாவது மூன்று தவணை 2,000-ஐ இழக்கிறார்கள், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். பட்டா வந்ததும் உங்கள் பேரில் புதிதாகப் பதிவு செய்து, இ-கேஒய்சியை, அதாவது ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பை, முடித்துவிடுங்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று கிளையிலேயே கேளுங்கள், அது விட்டுப்போனால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பணம் ஏறாது.

கூட்டுப் பட்டா என்றாலும் பயமில்லை, அண்ணன் தம்பி தனித்தனிக் குடும்பமாக இருந்தால் தனித்தனியாகவே பதியலாம், ஆனால் வருமான வரி கட்டுகிறவருக்குக் கிடையாது. அப்புறம், அப்பா கணக்கில் அவர் இறந்தபின் தவணை ஏதும் ஏறியிருந்தால் எடுத்துச் செலவழிக்காதீர்கள், திருப்பிக் கேட்பார்கள். குத்தகைக்கு உழுகிறவருக்கு இத்திட்டத்தில் இடமே இல்லை, அது நியாயமாக எனக்குப் படவில்லை.