குண்டு விழுந்த மண்

கேள்வி: போரில் குண்டு விழுந்த நிலம் சில மழைக்காலங்களில் தானே தேறிவிடாதா?
— காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு

பதில்: சேர்வராயன் மலையில் சருகு மட்கி உரமாவதைக் கண்டு பழகிய உங்களுக்கு அந்த நம்பிக்கை இயல்பானதே, ஆனால் குண்டுகள் மண்ணில் விட்டுச்செல்லும் ஈயமும் ஆர்சனிக் என்னும் நஞ்சும் சருகைப்போல மட்குவதில்லை. முதல் உலகப் போரில் எஞ்சிய நச்சுக் குண்டுகளை 1920களில் குவித்து எரித்த, பிரான்சின் வெர்டன் அருகேயுள்ள ஒரு திடலில், மண்ணின் எடையில் 17 விழுக்காடு வரை ஆர்சனிக் இருந்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். அங்கே பெரும்பகுதியில் புல்கூட முளைப்பதில்லை. மழையோ நஞ்சை அழிப்பதில்லை, பள்ளத்துக்கு இறக்கிவிடுகிறது. மலைச்சரிவில் பயிர் செய்யும் உங்களுக்கு இது தெரியாததல்ல. வியட்நாமில் 1961 முதல் 1971 வரை அமெரிக்கா தெளித்த களைக்கொல்லியில் கலந்திருந்த டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு, பியன் ஹோவா விமானதளத்து மண்ணிலிருந்து ஏரி மீனுக்கும், அதைத் தின்றவர் உடலுக்கும் ஏறியது. அம்மண்ணைத் தூய்மைப்படுத்தும் பணி அரை நூற்றாண்டு கடந்தும் முடியவில்லை என்பது நெஞ்சை வருத்துகிறது.