கோல்டிட்ஸ் கோட்டை

கேள்வி: ஜெர்மனியில் லைப்சிக்கில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறேன். கோல்டிட்ஸ் கோட்டைக்குப் போகலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: கட்டாயம் போங்கள். இரண்டாம் உலகப்போரில், தப்பியோடிப் பிடிபட்ட நேச நாட்டு அதிகாரிகளை நாஜிக்கள் அடைத்த இடம். மேல்மாடியில் போலிச் சுவர் எழுப்பி, அதன் பின்னால் தப்பிப்பதற்காக, எஞ்சின் இல்லாத கிளைடர் விமானமே கட்டினார்கள் கைதிகள்! தரைப்பலகைதான் அதன் சட்டகம், மேலே பருத்தித் துணி, அதன்மேல் தினைக்கஞ்சிப் பூச்சு. அது பறக்குமுன்பே, 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்துவிட்டது.

எனக்கு அதைவிடப் பெரியவர் பிரேந்திரநாத் மஜும்தார். அங்கே கைதியாக இருந்த, பிரிட்டிஷ் ராணுவ மருத்துவரான வங்காளி. பக்கம் மாறச் சொன்ன ஜெர்மானியருக்கு மசியவில்லை; சக கைதிகளோ அவரை உளவாளி என்று சந்தேகித்தார்கள். எவ்வளவு வலித்திருக்கும்! உண்ணாவிரதம் இருந்து இந்தியர் முகாமுக்கு மாறினார். அப்புறம் தப்பி, ஸ்விட்சர்லாந்து போய்ச் சேர்ந்தார். வழிகாட்டியிடம் அவரைப் பற்றி அவசியம் கேளுங்கள்.