வெட்டுறதுக்கு முன்னாடி நாலு கம்பு எடுத்து வையுங்க

திருவட்டாறு வாசகி: எங்க வீட்டு முத்தத்துல மாமனார் வச்ச முந்திரிக்கொடி (திராட்சைக்கொடி) ஒண்ணு பந்தல்ல படர்ந்து கிடக்கு. பழம் சின்னது, கறுப்பு. தோலை அமுக்கினா சதை வழுக்கிட்டு வாய்க்குள்ள போயிடும், கொட்டை உண்டு, பழுத்தா முத்தம் முழுக்க மணக்கும். வர்ற மாசியில முன்பக்கம் ஒரு ரூம் இழுக்கப் போறோம், கொடிய எடுத்தாகணும். மாமனார் இப்ப இல்ல, மாமி கொடியப் பாத்துப் பாத்து அழுறாங்க. கொட்டையக் காயவச்சு எடுத்து வச்சிருக்கேன், பொறவு நட்டா அதே பழம் வருமா? இது என்ன ரகம்?

வராது அக்கா, அத முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கொட்டைய நம்பி கொடிய வெட்டிட்டா அப்புறம் திரும்ப வழியே கிடையாது. திராட்சைக் கொட்டைங்கிறது நம்ம பிள்ளைங்க மாதிரி, அப்பா அம்மா சாயல் இருக்கும் ஆனா அதே ஆளா இருக்காது. அதுலயும் கலப்பினம்னா கேக்கவே வேண்டாம், ஒவ்வொரு கொட்டையும் ஒவ்வொரு பக்கமா போகும். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல எஃப்ரைம் புல்னு ஒருத்தர் நல்ல திராட்சை வேணும்னு கொட்டை போட்டு 22,000-க்கும் மேல நாத்து வளத்துப் பாத்தாருன்னு சொல்வாங்க, அத்தனையில தேறின ஒண்ணுதான் 1849-ல வந்த கான்கார்ட். அந்த ஒரே கொடியோட கம்புதான் இன்னைக்கு வரைக்கும் கை மாறிக்கிட்டே இருக்கு. நம்ம மட்டி வாழைய கன்னு எடுத்து வைக்கிறோம்ல, அதே கணக்கு.

ரகத்த நேர்ல பாக்காம அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா நீங்க சொல்ற அடையாளம் எல்லாம் பெங்களூர் நீலம்னு சொல்ற ரகத்துக்குப் பொருந்துது. கம்பம் பக்கத்துல இருந்து வர்ற பன்னீர் திராட்சைல தோல் இப்படி பை மாதிரி கழண்டு வராது. இன்னொரு டெஸ்ட் இருக்கு, இளங்கொடிய எடுத்து கணு கணுவா பாருங்க, பன்னீர் மாதிரி ஐரோப்பிய ரகத்துல ரெண்டு கணுவுல பிடிகம்பி (சுருண்டு பந்தலைப் பிடிக்கிற இழை) இருந்தா மூணாவது கணு சும்மா இருக்கும், உங்க கொடில மூணு நாலு கணுவுல விடாம பிடிகம்பி வந்து இலைக்கு அடிப்பக்கம் வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா லப்ருஸ்காங்கிற அமெரிக்கத் திராட்சை இனத்தோட ரத்தம் உள்ள கலப்பினம்னு தைரியமா சொல்லலாம். அந்த முத்தம் நிறைக்கிற மணமும் அங்க இருந்து வந்ததுதான். லப்ருஸ்கா வாசனைக்கு முக்கிய காரணமான மெத்தில் ஆந்த்ரனிலேட்ங்கிற வாசனைப் பொருள் மல்லிகைப் பூவுலயும் உண்டு, தோவாளை பூச்சந்தைப் பக்கம் போய்ட்டு வர்றவங்களுக்கு அது புது வாசனை இல்ல.

பெங்களூர் நீலத்துக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. தோட்டக்கலை புத்தகங்கள்ல இதுக்கு இன்னொரு பேரு இசபெல்லா. அந்தப் பேரு வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நியூயார்க் பக்கம் நர்சரி வச்சிருந்த வில்லியம் பிரின்ஸ், 1816-ல கிப்ஸ்னு ஒருத்தர் வீட்டுத் தோட்டத்துல இந்தக் கொடியப் பாத்து, அந்த வீட்டு அம்மா இசபெல்லா பேரையே வச்சுட்டாரு. அதுவும் உங்களது மாதிரி ஒரு வீட்டுக் கொடிதான் பாத்துக்கோங்க. அங்க இருந்து ஐரோப்பா, ரீயூனியன் தீவுன்னு எங்கெங்கயோ போச்சு. 1934 கடைசியில பிரான்ஸ்ல சட்டம் போட்டு ஆறு அமெரிக்க ரகங்கள நடக்கூடாதுன்னு தடுத்தப்ப அதுல இசபெல்லாவும் ஒண்ணு. ஒயின் அதிகமாகி விலை விழுந்த காலம் அது, இதோட வாசனையும் அவங்களுக்கு ஆகல. நமக்கு வாயில எச்சி ஊறுற வாசனை!

குளச்சல் வாசகர்: பழைய ரகங்கள விதை வங்கில போட்டு வச்சா போதாதா, அதுக்குன்னு தோட்டம் போட்டு காலம் முழுக்க தண்ணி ஊத்தணுமா?

நெல்லுக்கு அது நடக்கும் சார், திராட்சைக்கு நடக்காது, காரணம் மேல சொன்னதுதான். கொடிய உயிரோட வச்சிருந்தாதான் ரகம் இருக்கும். பிரான்ஸ்ல வாஸ்ஸால்னு ஒரு தொகுப்புத் தோட்டம் இருக்கு, 1876-ல மோன்பெல்லியேல ஆரம்பிச்சு 1949-ல கடற்கரை மணலுக்குக் கொண்டு போனாங்க. ஏன் மணல்னா ஃபைலாக்சரான்னு ஒரு வேர்ப்பூச்சி, 19-ம் நூற்றாண்டுல ஐரோப்பாத் தோட்டங்களையே தின்னு தீத்தது, அதால மணல்ல பிழைக்க முடியாது, அதனால ஒட்டுக் கட்டாம சொந்த வேர்லயே வச்சாங்க. 7,000-க்கு மேல கொடி, யாரும் இப்ப பயிர் பண்ணாத கலப்பினங்களும் அதுல உண்டு. கடல் பக்கம் குடியிருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, உப்பு ஏறுற கவலை அங்கயும் வந்துச்சு. அந்த ரகங்கள்ல இருந்துதான் நாளைக்கு நோய் தாங்குற குணத்த எடுக்கணும். இன்னைக்கே மகாராஷ்டிரால தண்ணில உப்பு இருக்கிற இடங்கள்ல டாக்ரிட்ஜ்னு ஒரு அமெரிக்கக் காட்டுத் திராட்சையோட வேர்லதான் நம்ம திராட்சைய ஒட்டி வளக்கிறாங்க, அந்தக் காட்டுக் கொடிய யாராவது வேண்டாம்னு விட்டிருந்தா?

தக்கலை வாசகர்: எனக்கும் அந்தக் கொடில ஒரு கம்பு கிடைக்குமா? நம்ம ஊரு மழைக்குத் தாங்குமா?

கம்பு தர்றது திருவட்டாறு அக்கா கைலதான் இருக்கு, குடுப்பாங்கன்னு நம்புறேன். மத்த ரகத்த விட இது ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் நல்லாவே தாங்கும், ஆனாலும் நமக்கு ரெண்டு மழையும் உண்டே, அதனால டிசம்பர் ஜனவரில கவாத்து பண்ணினா (கம்ப வெட்டி விட்டா) மழை விட்ட நேரத்துல காய்ச்சு ஏப்ரல் மே வாக்குல பழம் எடுக்கலாம்.

அக்கா, அந்தக் கவாத்துல வர்ற கம்புதான் உங்களுக்கும் வேணும். நல்லா முத்தி பழுப்பேறின, பென்சில் தடி கம்பா நாலு கணு வச்சு வெட்டுங்க, அடிவெட்டு கணுவுக்குத் தொட்டுக் கீழ நேராவும் மேல்வெட்டு சரிவாவும் இருக்கட்டும், அப்பதான் தலைகீழா நட்டுற மாட்டோம். ரெண்டு கணு மண்ணுக்குள்ள போகணும். மணல் கலந்த மண்ணு, நிழல், தண்ணி தேங்கக் கூடாது. எல்லாம் வேர் பிடிக்காது, அதனால இருபது கம்பாவது போடுங்க. பயமா இருந்தா நீளமா இருக்கிற ஒரு கொடிய வளைச்சு தொட்டி மண்ணுல பதியமும் போட்டுருங்க, வேர் வந்த பொறவு தாய்க்கொடில இருந்து அறுத்துக்கலாம். வந்த கன்ன ஒரே வீட்டுல வைக்காம மூணு வீட்டுக்குக் குடுங்க, ஒவ்வொண்ணுலயும் மாமனார் பேரும் வருஷமும் எழுதின டேக் ஒண்ணு கட்டிருங்க, தொகுப்புத் தோட்டத்துலயும் எங்க இருந்து வந்ததுன்னு எழுதாம ஒரு கொடியும் உள்ள வராது. அந்த டேக்க மாமி கையாலயே எழுதச் சொல்லுங்க.